முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு

அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. படக்காரம்மா என்றால்தான் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் மூக்குக்குள் சொட்டு விடுவது எப்படி என்று ஒரு படம் இருக்குமே, அது அவள் வரைந்தது. பள்ளிக்கூட அட்டையில் தவளையின் குடல், தீயணைப்புக் கருவி மேல் ஒட்டிய தாளில் கொக்கியை இழுக்கும் கை, மின்கம்பத்தில் பல்லிளிக்கும் மண்டையோடு, எல்லாம் அவள் கைவேலைதான். இருபத்தாறு வருட உத்தியோகம். கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி ஒரு பேனாவும் பலகையும் வாங்கிக் கொடுத்து, "இதுவும் ஒரு பென்சில்தான், பயப்படாதீங்க" என்றார். ஒரு வாரம் திட்டிக்கொண்டே பழகினாள். அதன்பிறகு காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காததை வரைய மாட்டாள். தவளைக் குடலுக்காக ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

"இன்டர்நெட்ல ஆயிரம் தவளை கிடக்கு, உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் அடுத்தவன் பார்த்த தவளை சார்."

பேச்சில் என்ன மிடுக்கு பாருங்கள். அந்த மிடுக்குதான் பின்னால் அவளை ஓர் அரசாங்க அலுவலகத்தில், மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கொண்டுபோய் உட்கார வைத்தது.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். கணவர் பஸ் கண்டக்டர். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி, அதற்குள் ஒரே ஒரு மீன். வெண்கல நிறம், குறுக்கே மூன்று கறுப்புப் பட்டை, செவுளுக்குப் பின்னால் சிவப்பு மையில் விரலைத் தோய்த்து வைத்த மாதிரி ஒரு பொட்டு. செம்பொட்டுக் கெண்டை என்று பெயர். கணவர் வைத்த பெயர் மேனேஜர். டெப்போ மேனேஜரைப் போலவே அதுவும் ஒரு மூலையில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்துப் பார்க்குமாம், வேலை என்று ஒரு துரும்பையும் நகர்த்தாதாம்.

ஒன்பது வருடத்துக்கு முன் பஸ் நிலையத்தில் ஒருவன் பிளாஸ்டிக் பைகளில் ஆற்றுமீன் விற்றுக்கொண்டிருந்தான். கணவர் ஆறு மீன் வாங்கி வந்தார். ஐந்து ஒரு வருடத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. இது ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அதன்பிறகு ஒருமுறை அவர் கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். கட்டிலைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். அவள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை மேனேஜர்தான். அதனிடம் டிக்கெட் கேட்பார், சில்லறை இல்லையா என்று சண்டை பிடிப்பார், டிரைவரைப் பற்றிக் கோள் சொல்வார். ஊன்றுகோலை வீசிவிட்டு நடந்த முதல் நாள் அவர் நேராகப் போய் நின்ற இடம் தொட்டி முன்னால்தான். சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்த அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் சட்டம் வந்தது. அதன் அறிவிப்பு அச்சுக்கு வந்த இடம், வேறெங்கே, அவளுடைய அச்சகம். இந்த ஊர் ஆற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஏழு வகை மீன்களைப் பிடிக்கவோ விற்கவோ வாங்கவோ வீட்டுத் தொட்டியில் வைத்திருக்கவோ கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மீன்வளத்துறையில் ஒப்படைத்துவிட்டால் நடவடிக்கை கிடையாது. ஏழில் நான்காவது, செம்பொட்டுக் கெண்டை. கடைசித் தேதியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டவள் அவள்தான்.

கணவரிடம் சொன்னாள். அவர் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மீன் முன்னாடி வந்துச்சு, சட்டம் பின்னாடி வந்துச்சு. க்யூல முன்னாடி நிக்கறவனுக்குத்தான் சீட்டு."

"சட்டத்துல க்யூவெல்லாம் கிடையாதுங்க."

"சரி, குடுத்தா என்ன பண்ணுவாங்க? ஆத்துல விடுவாங்களா?"

"தொட்டியில வளர்ந்ததை ஆத்துல விடக் கூடாதாம். நோய் பரவிடுமாம். அவங்க தொட்டியிலதான் வச்சிருப்பாங்க."

"இங்கயும் தொட்டி, அங்கயும் தொட்டி. இவனுக்கு எதுக்கு இந்த டிரான்ஸ்ஃபர்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு. அவளுக்கும் கொடுக்க மனசில்லை என்பதுதான் உண்மை. கணவருக்குப் பிடிக்கும் என்று பழியை அவர் தலையில் வைத்துவிட்டு, ஆறு மாதத்தையும் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். தேதி தாண்டிய மறுநாள் தெருப்பக்க ஜன்னலுக்குத் தடித்த திரை வந்தது. மின்சாரக் கணக்கெடுப்பவர் மணி அடித்தால் தொட்டி மேல் போர்வை விழும். ஒருமுறை அவர், "உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆமா" என்று சொல்லித் தொலைத்தாள். ஒரு சாண் மீனுக்காக எத்தனை பொய்!

போன வருடம் மீன்வளத்துறையிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி அச்சகத்துக்கு வந்தாள். சட்டம் வந்தும் மீனவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் எது எந்த மீன் என்று தெரியவில்லை. அதனால் ஆற்றங்கரையில் வைக்க நாற்பது பலகையும், கையில் கொடுக்க ஐயாயிரம் துண்டுத்தாளும் வேண்டும். ஏழு மீனுக்கும் படம் வேண்டும். ஆறுக்கு நல்ல புகைப்படம் இருந்தது. ஏழாவதாக அதிகாரி நீட்டிய படத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி, அதற்குள் மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன ஒன்று. துடுப்பெல்லாம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"செம்பொட்டுக்கு எங்ககிட்ட இதுதான் இருக்கு. கொஞ்சம் அனுசரிச்சு வரைஞ்சிடுவீங்களா?"

பார்க்காததை வரையாத படக்காரம்மா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் வரைகிற பலகையைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். மூன்று மாலைப் பொழுது தொட்டி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, செதில் செதிலாக, துடுப்பின் கதிர் கதிராக மேனேஜரை வரைந்தாள். "அசையாம நில்லுடா, உன் போட்டோ கவர்மென்ட் போர்டுல வரப் போகுது" என்று கணவர் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினார். அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அதிகாரி படத்தைப் பார்த்து அசந்துபோனாள். "செத்த மீனைப் பார்த்தா இவ்வளவு உயிரோட வரைஞ்சீங்க?"

படக்காரம்மா புன்னகைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். சில சமயம் புன்னகையும் பொய்தான்.

படத்தோடு அடையாளங்களும் அச்சாக வேண்டும் என்றார்கள். துறை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அவள் வரைந்ததைப் பார்த்தே எழுதி அனுப்பினார். ஒன்று, செவுளுக்குப் பின் சிவப்புப் பொட்டு. இரண்டு, உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள். மூன்று, முதுகுத் துடுப்பில் ஆழமான வெட்டு. பிழை திருத்தும் தாள் அவள் மேஜைக்கு வந்தது. மூன்றையும் படித்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

பலகைகள் நின்றன. துண்டுத்தாள்கள் போயின. ஏழெட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மேனேஜருக்குத் தீனி வாங்க, கடைத்தெருவில் இருந்த மீன் தொட்டிக் கடைக்குப் போனாள். உள்ளே நுழைந்தவுடன் நடுத்தொட்டியில் கண் போய் நின்றது. வெண்கல நிறம், மூன்று பட்டை, சிவப்புப் பொட்டு. ஒன்றில்லை, இரண்டில்லை, இருபதுக்கு மேல். தொட்டிக்கு மேலேயே அவள் வரைந்த துண்டுத்தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"இது தடை பண்ணின மீனாச்சே?" என்று கேட்டாள்.

கடைக்காரருக்குப் பதில் தயாராக இருந்தது. எத்தனை பேரிடம் சொன்னாரோ! "எல்லாரும் இதேதான் கேக்கறாங்கக்கா. நீங்களே பாருங்க, நோட்டீஸ்ல இருக்கறதுக்கு முதுகுல வெட்டு இருக்கு. இதுக்கு இருக்கா? இல்லை. இது வேற வகை. ஆத்துக் காவலர் ஒருத்தர் வந்து வாரிக்கிட்டுப் போனாரு. நோட்டீஸைக் காட்டினேன், ஆபீஸ்ல எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு ஜோடி பேக் பண்ணட்டுமா?"

அவள் தீனியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றாள். மேனேஜர் வழக்கம்போல மூலையிலிருந்து முறைத்தது. முதுகுத் துடுப்பின் நடுவில், கத்தரிக்கோலால் நறுக்கியது போல, ஒரு வெட்டு.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீன்கள் வந்த முதல் மாதம். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இதே மீன் துள்ளியது. பதறிப்போய் மூடிக் கண்ணாடியைப் படாரென்று போட்டாள். விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் துடுப்பு சிக்கிக்கொண்டது. புண் ஆறியது, வெட்டு மட்டும் மூடவில்லை. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டாள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு வருடத்தில் அந்த மீனின் வடிவமே அதுதான் என்று ஆகிவிட்டது. வெட்டியதும் அவள் கை, அதை மீனின் இலட்சணம் என்று ஊருக்கே வரைந்து காட்டியதும் அதே கை.

திங்கட்கிழமை முதலாளியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "சார், அந்த மீன் படத்துல ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு."

"கையெழுத்துப் போட்டு வாங்கினது அவங்க. நாமளாப் போய் வாயைக் குடுப்பானேன்? நாற்பது பலகையை நம்ம தலையில கட்டிடுவாங்க. விடுங்க."

விட்டாள். விடச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்கு ஆறுதல்கூட இருந்தது. அந்த ஆறுதல் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

அதிகாரி மறுபடி வந்தாள். கூடவே காக்கிச் சட்டையில் ஒரு பெரியவர், வெயிலில் காய்ந்த முகம், கையில் சுருட்டி வைத்த துண்டுத்தாள். ஆற்றுக் காவலர் அவர்தான்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா," என்றாள் அதிகாரி. "இவரு அந்தக் கடை மீனும் செம்பொட்டுதான்னு அடிச்சுச் சொல்றாரு. ஆத்துல இருக்கற எதுக்கும் முதுகுல வெட்டே கிடையாதாம். உங்க படம் தப்புங்கறாரு. நீங்களே சொல்லுங்க, தப்பா?"

அறையில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முதலாளி மேஜைக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். தப்பு என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்பது. அதற்கடுத்து வீடு. திரை, போர்வை, தொட்டி. கணவரின் முகம்.

"நான் நல்லாப் பார்த்துத்தான் வரைஞ்சேன் மேடம். நீங்க குடுத்த படத்துல துடுப்பு அப்படித்தான் இருந்துச்சு."

அதிகாரி காவலர் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா? நானும் இதைத்தானே சொன்னேன்? கடைக்காரர் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்காரு. அவர்கிட்ட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. இதோட முடியட்டும்."

பெரியவர் துண்டுத்தாளை விரித்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவள் மேஜையருகே நின்றார். அவர் குரலில் கிண்டல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இல்லை.

"முப்பது வருஷமா ஆத்துல நிக்கறேன்மா. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல. நீங்க பார்த்தது எங்கயாவது இருந்தா ஒரு தடவை எனக்கும் காட்டுங்க."

அன்று மாலை அவள் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கடையில் இருந்த இருபது மீன், அச்சகத்தில் சொன்ன பொய், மன்னிப்புக் கடிதம், கண் போய்விட்டது என்று சொன்ன பெரியவர். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"ஒரு மனுஷன் தன் கண்ணையே சந்தேகப்படறாருங்க. நான் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்."

கணவர் எழுந்தார். தொட்டியருகே போய்க் கண்ணாடியில் ஒரு விரலால் தட்டினார். மேனேஜர் மூலையை விட்டு வந்தது. அவர் தட்டினால் மட்டும் அது வரும்.

"மூணு வருஷமா டிக்கெட் இல்லாம கூட்டிட்டு வந்தோம்," என்றார் கடைசியில். "செக்கிங் வந்தாச்சு. இறக்கி விட வேண்டியதுதான்." சொல்லிவிட்டு வாளி தேடுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போனார். வாளி சமையலறையில்தான் இருந்தது. அவள் எடுத்துத் தரவில்லை. அவர் திரும்பி வர எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில், மடியில் ஈரத்துணி மூடிய வாளியோடு போனாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "என்ன, பாலா?" என்று கேட்டாள். மூன்று வருடப் பழக்கத்தில் 'ஆமா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இல்லை, மீன்" என்றாள்.

அதிகாரியின் அறையில் உட்கார்ந்ததும், "அந்த ஆத்துக் காவலரையும் கூப்பிடுங்க மேடம். அவர் வந்தப்புறம் சொல்றேன்" என்றாள். அரை மணி நேரத்தில் அவர் வந்தார். அவள் துணியை எடுத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். நீங்க குடுத்த படத்தைப் பார்த்து இல்ல. ஒன்பது வருஷமா என் வீட்டுல இருக்கு. அந்த வெட்டு என்னால வந்தது. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "இவரை நான் அத்தனை பேர் முன்னாடி... உங்க வார்த்தையை நம்பித்தானேம்மா கடிதம் எழுத வச்சேன்?" பிறகு போனை எடுத்து அந்தக் கடைக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். ஆள் போய்க் கடைத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைக்கும்வரை மூவரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடையில் மீதி நான்குதான். மற்றதையெல்லாம் விற்றாகிவிட்டது. யார் வீட்டுக்குப் போயின என்று கடைக்காரருக்குத் தெரியாது.

நான்கு. அவள் அன்று எண்ணியது இருபதுக்கு மேல். கடையில் பார்த்த அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

காவலர் மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை. வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மேனேஜரை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி பரவுவது தெரிந்தது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். அவளைத் திட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. திட்டியிருக்கலாம். "பேரு ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?"

"மேனேஜர்."

"அதான் இந்த முறை முறைக்கிறாரு."

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டம் என்னவோ அதைச் சொன்னாள். மீன் பறிமுதல் செய்யப்படும், ஆற்றில் விட முடியாது, துறையின் தொட்டியில் இருக்கும். அவள் மேல் வழக்குப் பதிவாகும். தானாக வந்து ஒப்படைத்ததைக் குறித்துக்கொள்வார்கள், தண்டனையைக் குறைப்பதும் குறைக்காததும் நீதிமன்றத்தின் இஷ்டம். படக்காரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதிகாரி பறிமுதல் படிவத்தை எடுத்தாள். இனம், எண்ணிக்கை, நீளம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"அடையாளம் சொல்லுங்க."

"செவுளுக்குப் பின்னாடி சிவப்புப் பொட்டு. மூணு கறுப்புப் பட்டை." அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

காவலர்தான் வாளியைப் பார்த்துச் சொன்னார். "முதுகுத் துடுப்புல வெட்டு. எழுதுங்க மேடம், இதுக்கு மட்டும் அது சரிதான்."

அதிகாரி எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். படக்காரம்மா பிழை திருத்துகிறவள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். போன தடவையும் இப்படித்தான் படித்தாள். பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தாள்.

"இதுல இன்னொரு வரி சேர்க்கணும் மேடம்."

மூன்றாவது அடையாளத்துக்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினாள். இந்த வெட்டு பிறவியில் வந்தது அல்ல, மூடியை நான் போட்டதில் வந்தது. அதற்குக் கீழே, அச்சகத்தில் யாருமே கூப்பிடாத தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.